கலப்பட மீன், பொய் லேபல்: சட்டம் எதைப் பிடிக்கிறது, எப்படிப் பிடிக்கிறது

கொழும்பில் மீனைப் பற்றிப் பேச்செடுத்தால் கொஞ்ச நேரத்தில் ஃபோர்மலின், அதாவது மீன் கெடாமலிருக்கப் போடுவதாகச் சொல்லும் மருந்து, வந்துவிடும். யாரோ வட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோவைக் காட்டுவார்கள். இதையெல்லாம் ஏன் யாரும் பிடிப்பதில்லை என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் 'இதையெல்லாம்' என்று எதைச் சொல்கிறோம் என்பதில்தான் குழப்பம். கெட்டுப்போன மீன், மருந்து போட்ட மீன், வேறு பெயரில் விற்ற மீன், எடை குறைந்த மீன், எல்லாவற்றுக்கும் 'கலப்படம்' என்று ஒரே பெயர் வைத்துவிட்டோம். சட்டத்துக்கு இவை வெவ்வேறு குற்றங்கள். ஒவ்வொன்றுக்கும் தேவையான சான்று வேறு. பல நேரம் போக வேண்டிய அலுவலகமும் வேறு. இது தெரியாததால் நியாயமான முறைப்பாடுகூட முதல் படியிலேயே நின்றுவிடுகிறது.

இது சட்டத்தரணிகளுக்கான கட்டுரை அல்ல. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ மீன் வாங்கிச் சமைக்கும் ஒருவருக்கு எவ்வளவு தெரிந்தால் போதுமோ அவ்வளவுதான் எழுதுகிறேன்.

## செட்டியார் தெருவில் இரண்டு வளையல்

தங்கத்தில் செம்பு சேர்ப்பது குற்றமல்ல. சேர்க்காவிட்டால் நகை நிற்காது, வளைந்துவிடும். 22 கரட் என்றால் 24 பங்கில் 22 பங்கு தங்கம், மீதி 2 பங்கு வேறு உலோகம். செட்டியார் தெருக் கடையொன்றில் 22 என்று முத்திரை குத்திய வளையலில் 18 பங்குதான் தங்கம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே வளையலை 18 கரட் என்று சொல்லி அதற்குரிய விலைக்கு விற்றிருந்தால் யாரும் ஒன்றும் கேட்டிருக்க முடியாது. வளையலில் குறையில்லை. அதைப் பற்றிச் சொன்னதுதான் பொய்.

இன்னொரு வளையல். கையில் போட்டால் தோல் புண்ணாகும் உலோகம் ஒன்றைக் கலந்து செய்திருக்கிறார்கள். இதை 'கலந்திருக்கிறோம்' என்று எழுதி ஒட்டி விற்றாலும் சரியாகிவிடாது. பொருளே ஆகாதது.

மீனிலும் இந்த இரண்டு வளையலும் உண்டு. உணவில் சேரக்கூடாத ஒன்றைச் சேர்ப்பது, அல்லது இருக்க வேண்டியதை எடுத்துவிட்டு மலிவானதை வைப்பது கலப்படம். உணவு நன்றாகவே இருந்தாலும், அதன் பெயர், எடை, திகதி, பிறந்த நாடு ஆகியவற்றில் பொய் சொல்வது பொய் லேபல். அமெரிக்காவின் 1938ஆம் ஆண்டு உணவு, மருந்து, அழகுப்பொருள் சட்டம் இவ்விரண்டையும் தனித்தனிக் குற்றமாகப் பிரித்து வைத்திருக்கிறது. இலங்கையின் 1980ஆம் ஆண்டு 26ஆம் இலக்க உணவுச் சட்டமும் அப்படித்தான்: ஆகாத உணவையும் கலப்பட உணவையும் விற்பது ஒரு பக்கம், லேபலிலும் விளம்பரத்திலும் ஏமாற்றுவது இன்னொரு பக்கம்.

மீனுக்கு மட்டும் மூன்றாவது ஒன்றையும் சேர்க்க வேண்டும். யாரும் எதையும் கலக்கவில்லை, யாரும் பொய்யும் சொல்லவில்லை, ஆனாலும் மீன் உடம்புக்கு ஆகாததாகிவிட்டது. எங்கள் ஊர் வெப்பத்தில் அதிகம் நடப்பது இதுதான். பேச்சில் குறைவாக வருவதும் இதுதான்.

## கெட்ட மீன்: கண்ணுக்குத் தெரியாத ஹிஸ்டமின்

சூரை, கெலவல்லா, கும்பளா, சாளை போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைய இருக்கிறது. மீன் செத்தபின் ஐஸ் போடாமல் வைத்தால் சில பக்டீரியாக்கள் பெருகி அதை ஹிஸ்டமின் என்ற பொருளாக மாற்றிவிடும். நம் உடம்பில் ஒவ்வாமை வரும்போது சுரப்பதும் இதே ஹிஸ்டமின்தான். அதனால்தான் இப்படிப்பட்ட மீனைச் சாப்பிட்ட சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ முகம் சிவக்கும், தோல் அரிக்கும், தலை இடிக்கும், நெஞ்சு படபடக்கும். பலர் 'எனக்கு மீன் அலர்ஜி' என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அது அலர்ஜியே அல்லாமல் அந்த ஒரு மீனின் கோளாறாக இருக்கலாம்.

இதில் மூன்று விஷயங்களை ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஹிஸ்டமின் சமைத்தால் போகாது. பொரித்தாலும் போகாது, டின்னில் அடைக்கும் சூட்டிலும் போகாது. பிறகு ஐஸில் போட்டாலும் ஏற்கெனவே உண்டானது அப்படியே இருக்கும். அப்புறம், மணத்தை நம்ப முடியாது. நாற்றம் வருவதற்கு முன்பே ஹிஸ்டமின் ஏறியிருக்கலாம். சிலருக்கு நாக்கில் மிளகு கடித்ததுபோல் ஒரு காரம் தட்டுப்படும். அப்படித் தட்டுப்பட்டால் அந்தத் துண்டைச் சாப்பிட வேண்டாம்.

சர்வதேச உணவு நியமங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பு இந்த வகை மீன்களுக்கு இரண்டு எல்லைகளைத் தருகிறது. ஒரு கிலோவில் சராசரியாக 100 மில்லிகிராமுக்கு மேல் ஹிஸ்டமின் இருந்தால் மீன் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். 200 மில்லிகிராமைத் தாண்டினால் சுகாதார எல்லையையே கடந்துவிட்டது. இங்கே யார் குற்றவாளி என்ற கேள்வி வருகிறது. பலநாள் படகில் ஐஸ் போதாமல் போயிருக்கலாம். லொறியில் வெயில் பட்டிருக்கலாம். கடைக்காரர் மேசையில் மதியம் வரை வைத்திருந்திருக்கலாம். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லாமலே இது நடக்கும். உணவுச் சட்டங்களின் பொதுவான இயல்பு என்னவென்றால், கெட்ட எண்ணத்தை நிரூபிக்கச் சொல்லிக் காத்திருப்பதில்லை. ஆகாத உணவு விற்பனைக்கு இருந்ததா என்பதுதான் முதல் கேள்வி. சிலருக்கு இது கடுமையாகப் படலாம். எனக்கு இது சரியாகவே படுகிறது. சாப்பிட்டவருடைய வயிறு விற்றவருடைய மனதைக் கேட்டு வேலை செய்வதில்லை.

பாதரசமும் இதே வரிசையில் வரும். சுறா, கொப்பரா போன்ற பெரிய வேட்டை மீன்களின் உடம்பில் அது தானாகவே சேர்கிறது. வியாபாரி போட்டதல்ல. ஆனாலும் ஐரோப்பிய ஒன்றியம் கொப்பராவுக்கு வைத்திருக்கும் எல்லை கிலோவுக்கு 1 மில்லிகிராம். அதைத் தாண்டினால் சரக்கை உள்ளே விடாது.

## ஃபோர்மலின்: சந்தேகம் வேறு, சான்று வேறு

ஃபோர்மல்டிஹைட் என்ற வாயுவைத் தண்ணீரில் ஏறக்குறைய 37 சதவீதம் கரைத்தால் அதுதான் ஃபோர்மலின். பிரேத அறைகளிலும் ஆய்வுகூடங்களிலும் உடல்களைக் கெடாமல் வைக்கப் பயன்படுவது. அது புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து இறுக்கிவிடுகிறது, பக்டீரியாவையும் கொல்கிறது. ஃபோர்மல்டிஹைட் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் முதல் வகுப்பில் சேர்த்தது. மீனில் இதை ஊற்றுவது கலப்படம் என்பதில் இரண்டாம் பேச்சுக்கே இடமில்லை.

இப்போது சிக்கலான பகுதிக்கு வருவோம். எதுவுமே சேர்க்காத மீனிலும் ஃபோர்மல்டிஹைட் இருக்கிறது. கடல் மீன்களின் உடம்பில் டிரைமெத்திலமைன் ஒக்சைட் என்ற பொருள் இயற்கையாக உண்டு. மீன் செத்தபின், சில இனங்களில் உறைநிலையில் வைத்திருக்கும்போதுகூட, அது உடைந்து கொஞ்சம் ஃபோர்மல்டிஹைட் உண்டாகிறது. கொட் போன்ற குளிர்கடல் மீன்களிலும், இந்தியக் கரையோரத்து பம்பாய் டக் என்ற மீனிலும் இது கூடுதலாகவே இருக்கும். ஆகவே 'சோதனையில் ஃபோர்மல்டிஹைட் தெரிந்தது' என்ற ஒரு வரி குற்றத்தை நிரூபிக்காது. எவ்வளவு தெரிந்தது, எந்த இனத்து மீனில் தெரிந்தது என்ற இரண்டும் வேண்டும்.

இந்தியா இதைக் கையாண்ட விதம் கவனிக்கத்தக்கது. 2018இல் கேரளத்தில் எல்லைச் சாவடிகளில் ஃபோர்மலின் மீன் பிடிபட்டபோது பெரிய பரபரப்பு எழுந்தது. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் தாள் பட்டையால் சோதிக்கும் ஒரு எளிய கருவியை உருவாக்கியிருந்தது. அது களத்துக்கு வந்தது. அடுத்த ஆண்டு அந்நாட்டு உணவுப் பாதுகாப்பு அதிகார சபை, பெரும்பாலான மீன்களுக்குக் கிலோவுக்கு 4 மில்லிகிராம் என்றும், இயற்கையிலேயே அதிகம் உண்டாகும் இனங்களுக்கு 100 மில்லிகிராம் என்றும் பிரித்து எல்லை வைத்தது. நேர்மையான வியாபாரியைப் பொய்க் குற்றச்சாட்டிலிருந்து காப்பதும் சட்டத்தின் வேலைதானே. இப்படிப் பிரித்தால்தான் அது முடியும்.

தாள் பட்டை நிறம் மாறினால் அது சந்தேகத்துக்குப் போதும். மீனை விற்காமல் நிறுத்தி வைக்கலாம், ஆய்வுகூடத்துக்கு அனுப்பலாம். நீதிமன்றத்தில் நிற்க ஆய்வுகூட அறிக்கை வேண்டும். வீடியோவில் பார்க்கும் 'ஈ மொய்க்கவில்லை, ஆகவே ஃபோர்மலின்' என்பது சந்தேகம் என்ற அளவுக்குக்கூடப் போதாது. நல்ல ஐஸில் புதைத்து வைத்த மீனிலும் ஈ குறைவாகத்தான் இருக்கும்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: ஃபோர்மலின் கலப்படம், ஹிஸ்டமின் கெட்டுப்போதல். முதலாவதில் ஒரு கை எதையோ சேர்த்திருக்கிறது. இரண்டாவதில் ஒரு கை ஐஸ் போட மறந்திருக்கிறது. இரண்டையும் கண்ணால் தீர்மானிக்க முடியாது.

## தண்ணீரும் எடையும்

உறைய வைத்த இறால் காய்ந்துபோகாமல் இருக்க அதன்மேல் மெல்லிய ஐஸ் பூச்சு ஒன்று கொடுப்பார்கள். இது தேவையான வேலைதான். ஆனால் அந்த ஐஸை இறால் விலைக்கு விற்கக்கூடாது. பொதியில் எழுதும் நிகர எடை பூச்சு நீங்கலாக இருக்க வேண்டும் என்பது கோடெக்ஸ் நியமம். பொலிபொஸ்பேட் கரைசலில் ஊற வைத்து இறாலுக்குள் தண்ணீர் ஏற்றுவதும் உண்டு. அளவோடு போட்டு லேபலில் எழுதினால் அது அனுமதித்த சேர்மானம். எழுதாமல் எடை ஏற்றினால் ஏமாற்று. சட்டியில் போட்டதும் இறால் பாதியாகச் சுருங்கித் தண்ணீர் விட்டால் இதை நினைத்துப் பார்க்கலாம்.

டின் மீனில் இரண்டு எடைகள் இருக்கும். 425 கிராம் என்று பெரிதாக எழுதியிருப்பது குழம்போடு சேர்த்த எடை. குழம்பை வடித்தபின் மிஞ்சும் மீனின் எடை வடித்த எடை. நீங்கள் காசு கொடுப்பது இரண்டாவதற்குத்தான். அதையும் தேடி வாசியுங்கள்.

கடைத் தராசு கோளாறென்றால் அது உணவுச் சட்டத்தின் விஷயமே அல்ல. 1995ஆம் ஆண்டு 35ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களம்தான் அதைப் பார்க்கிறது.

## பெயர் மாற்றம்: துண்டாக்கியபின் யார் கண்டது?

முழு மீனாக இருக்கும்போது பொய் சொல்வது கஷ்டம். அறக்குளாவின் உடம்பில் குறுக்கே ஓடும் கோடுகளும் அதன் வாயும் பழகிய கண்ணுக்கு உடனே தெரியும். தோலை உரித்து, தலையையும் வாலையும் எடுத்து, வட்ட வட்டமாக வெட்டி ஐஸ் பெட்டியில் அடுக்கியபின் நிலைமை வேறு. விலை உயர்ந்த மீனின் இடத்தில் அதைவிட மலிந்த ஒன்றை வைக்க இடம் கிடைத்துவிடுகிறது. கருவாட்டிலும் மாசியிலும் இது இன்னும் எளிது. இறக்குமதியான நெத்தலிக் கருவாட்டைச் சின்னப் பைகளில் போட்டு உள்ளூர் ஊரொன்றின் பெயரை எழுதினால், சாப்பிடுபவருக்கு உடம்புக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அது பொய் லேபல்தான். உள்ளூரில் கருவாடு காயப்போட்டு விற்கும் குடும்பத்தின் விலையைத் திருடுகிறது அந்தப் பை.

இதைக் கண்டுபிடிக்கும் வழி டி.என்.ஏ. பார்கோடிங். ஒவ்வொரு உயிரணுவிலும் இருக்கும் மரபுக்குறிப்பில், சி.ஓ.ஐ. என்று அழைக்கப்படும் ஒரு மரபணுவின் ஏறக்குறைய 650 எழுத்து நீளத் துண்டை வாசித்து, ஏற்கெனவே அடையாளம் கண்ட மீன்களின் பட்டியலோடு ஒப்பிடுகிறார்கள். சமைத்த துண்டிலும் பெரும்பாலும் இது வேலை செய்யும். டின் மீனில் சூடு அதிகமாதலால் மரபுக்குறிப்பு சிதறிப்போயிருக்கும். அப்போது இன்னும் சிறிய துண்டுகளை வாசிக்க வேண்டும். டி.என்.ஏ. இது என்ன இனம் என்று சொல்லும். எந்தப் படகில், எந்தத் திகதியில் பிடிபட்டது என்று சொல்லாது. அதற்குக் காகிதம் வேண்டும்.

காகிதமும் டி.என்.ஏ.யும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்து நண்டு வழக்கு நல்ல எடுத்துக்காட்டு. உள்ளூர் நீல நண்டின் சதை என்று விற்ற டப்பாக்களில் இந்தோனேசியா, சீனா போன்ற நாடுகளிலிருந்து வந்த வேறு நண்டுச் சதை இருந்தது. அது நஞ்சு அல்ல, பொய். 2019இல் உரிமையாளருக்கு 45 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. வழக்கு லேசி சட்டத்தின்கீழ் நடந்தது. 1900இல் வனவிலங்கு வர்த்தகத்துக்காக வந்த அந்தச் சட்டம், மீனுக்குப் பொய் லேபல் ஒட்டுவதையும் இன்று பிடிக்கிறது.

ஒரே வேலை ஒரு நாட்டில் சட்டப்படி சரியாகவும் இன்னொரு நாட்டில் குற்றமாகவும் இருக்கலாம். சூரைத் துண்டைக் கார்பன் மொனொக்சைட் வாயுவில் வைத்தால் அதன் சிவப்பு நிறம் மங்காது, மீன் பழசானாலும் புதிது போலவே இருக்கும். அமெரிக்கா இதை அனுமதிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதில்லை. என் மனதில் ஐரோப்பியர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. ஹிஸ்டமின் ஏறிய மீனுக்கு நல்ல நிறம் கொடுப்பது ஆபத்தை மறைப்பதற்குச் சமம்.

## இங்கே யார் எதைப் பார்க்கிறார்கள்?

உணவுச் சட்டத்தின் தலைமை அதிகாரி சுகாதார சேவைகள் பணிப்பாளர் நாயகம். களத்தில் வேலை செய்பவர்கள் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள், அதாவது நாம் பி.எச்.ஐ. என்று அழைப்பவர்கள். அவர்களுக்கு மேலே அந்தப் பகுதிச் சுகாதார மருத்துவ அதிகாரி. இவர்கள் கடைக்குள் நுழையலாம், மாதிரி எடுக்கலாம், பொருளைத் தடுத்து வைக்கலாம். தண்டிப்பது இவர்கள் வேலை அல்ல. அது நீதவானின் வேலை.

பொதிக்குள் வரும் உணவில் லேபல் பொய், விலை ஏமாற்று, திகதியை அழித்து மறுபடி அடிப்பது போன்றவற்றை, 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் உருவான நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையும் பார்க்கிறது. டின் மீனுக்கு இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் தர நியமம் தனியாக உண்டு. ஏற்றுமதிக்குப் போகும் மீனின் தரத்துக்குக் கடற்றொழில், நீரியல் வளத் திணைக்களம் பொறுப்பு.

இதில் பலர் கவனிக்காத ஒன்று எல்லைப் பிரச்சினை. கொழும்பு மீன் என்றாலே நாம் நினைப்பது பேலியகொடையை. புறக்கோட்டை செயின்ட் ஜோன்ஸ் சந்தையில் நடந்த மொத்த வியாபாரம் 2011இல் அங்கே மாறியது. ஆனால் பேலியகொடை களனி ஆற்றுக்கு அந்தப் பக்கம், கம்பஹா மாவட்டத்தில் இருக்கிறது. விடிகாலையில் அங்கே கைமாறிய மீன் காலை ஏழு மணிக்கு வெள்ளவத்தைக் கடையில் இருக்கும். இங்கே மாநகர சபையின் பி.எச்.ஐ. அதைப் பிடித்தாலும், குறை எங்கே தொடங்கியது என்று பார்க்க இன்னோர் உள்ளூராட்சி சபையின் பகுதிக்குள் போக வேண்டும். சங்கிலியின் கடைசி ஆளான சின்னக் கடைக்காரர் மட்டும் அகப்படுவதும், மேலே இருப்பவர்கள் தப்புவதும் இதனால்தான் எளிதாகிறது. பெட்டி பெட்டியாக விற்றவர் எழுதிக்கொடுத்த துண்டு ஒன்று இருந்தால் சின்னக் கடைக்காரருக்கு அது கவசம். அவர்களில் பலர் அதைக் கேட்டு வாங்குவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே கவலை தரும் விஷயம்.

## மாதிரி: வழக்கின் உயிர்

சட்டம் எங்கே வெல்கிறது, எங்கே தோற்கிறது என்பது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில் முடிவாகிவிடுகிறது.

பி.எச்.ஐ. ஒருவர் மீன் மாதிரி எடுக்கும்போது அது சோதனைக்காக என்று விற்பவரிடம் சொல்ல வேண்டும். மாதிரியை மூன்று பங்காகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கட்டி முத்திரை வைக்க வேண்டும். ஒரு பங்கு விற்றவருக்கு. ஒரு பங்கு பகுப்பாய்வாளருக்கு. மூன்றாவது அதிகாரியின் பொறுப்பில் இருக்கும். அரச பகுப்பாய்வாளர் திணைக்களம் பத்தரமுல்லைப் பக்கம் இருக்கிறது. கொழும்பு மாநகர சபைக்குத் தனியாகவும் ஒரு நகரப் பகுப்பாய்வாளர் உண்டு. பகுப்பாய்வாளர் எழுதிக்கொடுக்கும் அறிக்கைதான் நீதிமன்றத்தில் பேசும்.

ஏன் மூன்று பங்கு? அறிக்கை தவறு என்று விற்றவர் நினைத்தால் தன் கையிலுள்ள பங்கை அவர் காட்ட முடிய வேண்டும். இரண்டு முடிவுகளும் முரண்பட்டால் மூன்றாவது பங்கு இருக்கிறது. அதிகாரி மாற்றி வைத்துவிட்டார் என்று சொல்ல இடம் வரக்கூடாது. இது விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவே நியாயமாக நிற்கும் ஏற்பாடு.

அரிசி, சீனி, மிளகாய்த் தூளுக்கு இது அழகாகப் பொருந்தும். மீனுக்கு அவ்வளவு அழகாகப் பொருந்தாது. மிளகாய்த் தூளைக் கலக்கி மூன்றாகப் பிரித்தால் மூன்றும் ஒன்றுதான். ஒரு சூரையின் வயிற்றுப் பக்கமும் வால் பக்கமும் ஒன்றல்ல; ஹிஸ்டமின் ஒரே மீனில்கூட இடத்துக்கு இடம் மாறும். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு சரக்குத் தொகுதியைச் சோதிக்க 9 மாதிரிகள் எடுக்கிறார்கள். எல்லாவற்றின் சராசரியும் 100 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். அதிகபட்சம் இரண்டு மட்டும் 100க்கும் 200க்கும் இடையில் வரலாம். ஒன்றுகூட 200ஐத் தாண்டக்கூடாது. ஒரே ஒரு துண்டை வைத்துக்கொண்டு முழுப் பெட்டியையும் குற்றம் சொல்வது எவ்வளவு பலவீனம் என்பது இதிலிருந்து தெரியும்.

அடுத்த தலைவலி குளிர். மாதிரி எடுத்த நேரத்திலிருந்து ஆய்வுகூடம் சேரும்வரை அது 4 பாகைக்குக் கீழே, அல்லது உறைநிலையில் இருக்க வேண்டும். வழியில் வெயில் பட்டால் ஹிஸ்டமின் வழியிலேயே ஏறும். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழுந்து, "என் கட்சிக்காரர் கடையில் நல்ல மீன்தான் இருந்தது, உங்கள் வாகனத்தில் கெட்டுப்போனது" என்று சொன்னால் பதில் வேண்டும். பதில் எங்கே இருக்கிறது? எத்தனை மணிக்கு எடுத்தோம், எந்தப் பெட்டியில் வைத்தோம், யார் கொண்டுபோனார், எத்தனை மணிக்கு யார் கையெழுத்துப் போட்டு வாங்கினார் என்று எழுதிய பதிவில் இருக்கிறது. பொருள் கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் எழுதி வைக்கும் இந்தப் பதிவுக்கு சான்றுச் சங்கிலி என்று பெயர். ஒரு கண்ணி அறுந்தாலும் வழக்கு தளரும்.

நீங்கள் வீட்டிலிருந்து ஒரு துண்டு மீனைப் பையில் போட்டுக்கொண்டு போய் "இதைச் சோதியுங்கள்" என்று கொடுத்தால் அது அந்த மீனை விற்ற கடைமேல் வழக்குப் போடப் போதாமல் போவதும் இதனால்தான். அந்தத் துண்டு அந்தக் கடையில் வாங்கியது என்பதற்கு என்ன சான்று? எப்படி வைத்திருந்தீர்கள்? உங்கள் மேல் சந்தேகம் என்று அர்த்தமல்ல. சங்கிலி உங்கள் சமையலறையில் அறுந்துவிட்டது. உங்கள் முறைப்பாட்டின் பலன் வேறு: அந்தக் கடையில் அதிகாரி புதிதாக மாதிரி எடுக்க அது காரணமாகிறது. அதனால்தான் முறைப்பாடு சுடச்சுடப் போக வேண்டும். மூன்று நாள் கழித்துப் போனால் அந்தத் தொகுதி மீன் கடையில் இருக்காது.

சுருக்கமாக: நீதிமன்றம் மீனைப் பார்ப்பதில்லை. முத்திரை வைத்த மாதிரியையும் அதன் பயணத்தை எழுதிய தாளையும்தான் பார்க்கிறது.

## எழுதாத பொய்யை எப்படிப் பிடிப்பது?

டின் மீனின் மேல் பெயர், நிகர எடை, சேர்மானங்கள், தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் முகவரி, நாடு, தொகுதி இலக்கம், உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி எல்லாம் இருக்க வேண்டும். இவ்வளவும் ஒருவர் எழுதிக் கொடுத்த வாக்குமூலம். பொய்யென்றால் அந்தத் தாளே அவருக்கு எதிரான சாட்சி. தொகுதி இலக்கம் இருந்தால் அதே நாளில் அடைத்த மற்ற டின்களையும் தேடிப்பிடிக்கலாம்.

சந்தை மேசையில் கிடக்கும் மீனுக்கு லேபல் கிடையாது. "இது அறக்குளாதான் அக்கா, நம்பி வாங்குங்கோ" என்று வாயால் சொன்னதற்கு மறுநாள் யார் சாட்சி? பொய்ப் பெயர் என்ற குற்றத்துக்கு முதலில் பெயர் வேண்டும். அந்தப் பெயர் எங்காவது எழுத்தில் இருக்க வேண்டும்.

எழுத்தில் கொண்டுவரும் வழி பில். விற்பனையாளர் எவரும், கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டும் என்று நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் சொல்கிறது. மீனின் பெயர், எடை, விலை, திகதி எழுதிய ஒரு துண்டு போதும். சந்தையில் இதைக் கேட்பது சங்கடமாக இருக்கும் என்பது எனக்குத் தெரியும். பல வருடப் பழக்கமுள்ள மீன்கார அண்ணனிடம் கேட்டால் நம்பிக்கையில்லையா என்று மனம் நோகலாம். தினமும் கேட்க வேண்டாம். கல்யாணத்துக்கோ அந்தியேட்டிக்கோ மொத்தமாக வாங்கும்போதாவது கேளுங்கள்.

இந்த நாட்டு மீனை எழுத்தில் தொடர்ந்து பின்பற்ற முடியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சட்டவிரோதமான, பதிவில்லாத மீன்பிடியைத் தடுக்கப் போதிய நடவடிக்கை இல்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 ஜனவரியிலிருந்து இலங்கை மீனுக்குத் தடை போட்டது. அடுத்த ஆண்டு நடுப்பகுதியில் தடை நீங்கியது. இடையில் பலநாள் படகுகளுக்குச் செய்மதிக் கண்காணிப்புக் கருவி வந்தது, பிடித்ததை எழுதும் பதிவேடு இறுக்கமானது. அதாவது ஐரோப்பாவில் ஒரு தட்டில் இருக்கும் கெலவல்லா எந்தப் படகில் வந்தது என்று இங்கே சொல்ல முடியும். அதே படகிலிருந்து இறங்கி நம் வீட்டுக்கு வரும் மீனுக்கு அந்தத் தாள் வருவதில்லை. கொழும்பில் சாப்பிடுபவருக்கும் அதே அக்கறை வேண்டும் என்று கேட்பது பேராசை அல்ல.

## உங்கள் கையில் இருப்பது

மீன் நாறுகிறது, மருந்து வாடை வருகிறது, சாப்பிட்டவுடன் முகம் சிவந்து அரித்தது என்றால் அது சுகாதாரப் பக்கம். உங்கள் பகுதிச் சுகாதார மருத்துவ அதிகாரி அலுவலகத்துக்கோ பி.எச்.ஐ.க்கோ அன்றைக்கே சொல்லுங்கள். கடை எது, எத்தனை மணிக்கு வாங்கினீர்கள், என்ன மீன், எவ்வளவு நேரத்தில் என்ன வந்தது, வேறு யார் சாப்பிட்டார்கள் என்று சொல்லுங்கள். மீதித் துண்டை உறைநிலையில் வையுங்கள், எறிய வேண்டாம். மருத்துவரிடம் போனால் என்ன மீன் சாப்பிட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள். ஒரே நாளில் ஒரே கடை மீனால் நான்கு வீட்டில் அரிப்பு வந்தது என்பது மருத்துவக் குறிப்புகளில் இருந்தால் அதிகாரிக்கு அது பெரிய பலம்.

லேபலில் திகதி மாற்றியிருக்கிறது, எழுதிய எடை இல்லை, சொன்ன பொருள் இல்லை என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை. 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். தரமில்லாத பொருளைப் பற்றி எழுத்தில் முறையிடுவதென்றால் வாங்கிய மூன்று மாதத்துக்குள் செய்ய வேண்டும். டின்னைத் திறந்துவிட்டீர்கள் என்றாலும் எறியாதீர்கள். தொகுதி இலக்கம் அதன் மூடியிலோ அடியிலோ அடித்திருக்கும். அதே கடையில் அதே தொகுதியில் திறக்காத டின் இன்னும் இருக்கிறதா என்று பார்த்துச் சொன்னால் இன்னும் நல்லது. அதிகாரி முத்திரை வைத்து எடுக்கப்போவது அந்தத் திறக்காத டின்னைத்தான்.